ஹெட்லைட் உயரம் சரிசெய்ய வண்டியை விட்டுவிட்டு வந்துவிடாதீர்கள்

சாமான் ஏற்றிக்கொண்டு தொலைதூரம் போகிற பெரிய பைக் வைத்திருப்பவர்கள் இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள். ஹெட்லைட் வெளிச்சத்தின் உயரத்தை ஏற்றி இறக்குவது ஒரு ஸ்க்ரூவைத் திருப்புகிற வேலை. அதற்காக ஒரே பட்டறைக்கு நான் மூன்று தடவை போனேன். இரண்டு தடவை பணம் கட்டினேன். மூன்றாவது தடவை ஹெட்லைட்டையே மொத்தமாக மாற்றச் சொன்னார்கள். இதற்கு நடுவில் ஒரு ராத்திரி, எதிரே ஸ்கூட்டரில் வந்தவர் என் வெளிச்சத்தில் கண் கூசித் தடுமாறி, நடுக்கோட்டைத் தாண்டி என் பக்கமே வந்துவிட்டார். கையகல இடைவெளியில் இருவரும் தப்பினோம். அன்று எனக்கு வந்த நடுக்கம்தான் இதை எழுத வைக்கிறது.

பிரச்சினை ஆரம்பித்தது ஒரு நீண்ட பயணத்தில். இரண்டு பக்கப் பெட்டிகள், பின்னால் ஒரு பெட்டி, மூன்றும் நிறைய சாமான், என் பின்னால் மனைவி. இருட்டியதிலிருந்து எதிரே வருகிறவர்கள் எல்லாம் பளிச் பளிச்சென்று ஹை பீம் அடித்தபடியே இருந்தார்கள். நான் சுவிட்சைப் பார்க்கிறேன், லோ பீமில்தான் இருக்கிறது. திரும்பி வந்ததும் பட்டறைக்குப் போய் இதையெல்லாம் அப்படியே சொன்னேன். சாமான் ஏற்றும்போதுதான் இப்படி ஆகிறது என்பதையும் சொன்னேன். அதைக் கேட்டவுடனே அவர்களுக்குக் காரணம் புரிந்திருக்க வேண்டும்.

"பல்பு வீக் ஆயிடுச்சு சார், அதான் வெளிச்சம் சிதறுது. புதுசு போட்டு அலைன்மென்ட்டும் பண்ணிடறோம்" என்றார்கள். சாயங்காலம் போய் வண்டியை எடுத்தேன். பில்லில் பல்பு ஒரு வரி, ஹெட்லைட் அலைன்மென்ட் ஒரு வரி. எப்படிச் சரிபார்த்தீர்கள் என்று கேட்டதற்கு, "சுவத்துல அடிச்சுப் பாத்துட்டோம் சார்" என்று பதில் வந்தது. நம்பினேன்.

அன்று இரவு வெளிச்சம் முன்பைவிட மோசமாக இருந்தது. சாலையில் பரவ வேண்டியது மரக்கிளைகளில் போய் விழுந்தது. மறுநாள் காலையில் டார்ச் அடித்து முகப்புக்குப் பின்னால் குனிந்து பார்த்தேன். உயரத்தை மாற்றும் ஸ்க்ரூவின் தலையில் பழைய சேறு காய்ந்து கெட்டியாக ஒட்டியிருந்தது. ஸ்க்ரூவுக்கும் பக்கத்துச் சட்டத்துக்கும் நடுவே ஒரு சிலந்தி வலை, ஓர் இழைகூட அறுபடாமல். அலைன்மென்ட் பண்ணியதாகப் பணம் வாங்கியவர்கள் அந்த ஸ்க்ரூவைத் தொடவே இல்லை. போட்டோ எடுத்து வைத்துக்கொண்டேன்.

புது பல்பையாவது ஒழுங்காகப் போட்டார்களா என்றால் அதுவும் இல்லை. என் வண்டியில் இருப்பது எச்4 பல்பு. அதன் விளிம்பில் மூன்று காதுகள் இருக்கும். ஹோல்டரில் ஒரே ஒரு வாக்கில்தான் அது உட்காரும். இதில் ஒரு காது பள்ளத்துக்குள் இறங்காமல் வெளியே நின்றது, அதன் மேலேயே கம்பிக் கிளிப்பை அழுத்தி மாட்டியிருந்தார்கள். இதைச் சின்ன விஷயம் என்று நினைத்துவிடாதீர்கள். எச்4 பல்புக்குள் எரிகிற இழைகள் (ஃபிலமென்ட்) இரண்டு உண்டு, லோ பீமுக்கு ஒன்று, ஹை பீமுக்கு ஒன்று. லோ பீம் இழைக்கு அடியில் கிண்ணம் போல ஒரு சின்ன உலோக மறைப்பு இருக்கும். பல்பைச் சுற்றியிருக்கும் பளபளப்பான ரிஃப்ளெக்டரின் கீழ்ப்பாதியில் பட்டு மேலே தெறிக்கப்போகிற வெளிச்சத்தைத் தடுப்பது அதுதான். பல்பு கோணலாக உட்கார்ந்தால் இழையும் மறைப்பும் இருக்க வேண்டிய இடத்தில் இருக்காது. வெளிச்சம் நாலா பக்கமும் தெறிக்கும்.

திரும்பப் போனேன். போட்டோவைக் காட்டினேன். "பையன் மறந்துட்டான் போல" என்று பல்பைச் சரியாக உட்கார வைத்தார்கள். அப்புறம் வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, இரண்டு மீட்டர் தூரத்தில் இருந்த சுவரில் வெளிச்சத்தை அடித்து, "ரொம்பக் கீழ இருக்கே" என்று சொல்லி ஸ்க்ரூவைத் திருப்பி மேலே ஏற்றினார்கள். என் கண் முன்னாலேயே நடந்தது. அன்று எனக்கு விவரம் போதவில்லை, சும்மா நின்றேன். "தனி வேலை" என்று இதற்கும் ஒரு தொகை வாங்கினார்கள்.

அவர்கள் செய்தது எவ்வளவு பெரிய தவறு என்பதைக் கணக்கோடு சொல்கிறேன். பெரும்பாலான வண்டிகளை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றினால் பின்சக்கரம் தரையை விட்டு எழும்பிவிடும். பின்பக்கம் உயர்ந்தால் மூக்கு கீழே சாயும், வெளிச்சமும் கீழே இறங்கித்தான் தெரியும். இரண்டு சக்கரங்களுக்கும் இடையே 150 செ.மீ. என்று வைத்துக்கொள்வோம். பின்பக்கம் 3 செ.மீ. உயர்ந்தாலோ தாழ்ந்தாலோ அது 2 சதவீதச் சாய்வு. பத்து மீட்டர் தள்ளிப் பார்த்தால் வெளிச்சத்தின் உயரத்தில் 20 செ.மீ. வித்தியாசம். ஸ்டாண்டில் நிறுத்தி, ஆள் ஏறாமல், அங்கே "கீழே" தெரிந்ததை மேலே ஏற்றிவிட்டால், வண்டி தரைக்கு வந்து ஆளும் சாமானும் ஏறும்போது என்ன ஆகும்? பின் ஷாக் அமுங்கி, மூக்கு நிமிர்ந்து, லோ பீம் எதிரே வருகிறவரின் கண்ணுக்கு நேராகப் போய் நிற்கும். ஸ்கூட்டர்காரர் தடுமாறியது இதற்கு மறுநாள் இரவு.

மூன்றாவது முறை போனபோது குரலே மாறிவிட்டது. "ரிஃப்ளெக்டர் போயிடுச்சு சார். ஃபுல் ஹெட்லைட் மாத்தணும், வேற வழியில்லை." ரிஃப்ளெக்டரில் கருப்போ, மங்கலோ, உரிந்த இடமோ ஒன்றுகூட இல்லை. காட்டச் சொன்னேன், காட்டவில்லை. வண்டியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் நானே செய்ததற்கு ஒரு மணி நேரம்கூட ஆகவில்லை. முதலில் டயர்களில் காற்றைச் சரியாக அடித்தேன். பெட்ரோல் நிரப்பினேன். சமதளத்தில், சுவரிலிருந்து சரியாக 10 மீட்டரில் வண்டியை நிறுத்தி, நான் ஏறி உட்கார்ந்து வண்டியை நேராகப் பிடித்தேன். தரையிலிருந்து ஹெட்லைட்டின் நடுப்புள்ளி 92 செ.மீ. சுவரில் அதே உயரத்தில் ஒரு சாக்பீஸ் கோடு, அதற்கு 10 செ.மீ. கீழே, 82 செ.மீ. உயரத்தில், இன்னொரு கோடு. லோ பீமின் மேல் விளிம்பு இந்தக் கீழ்க்கோட்டில் விழ வேண்டும், அதாவது 1 சதவீதச் சரிவு. மோட்டார் சைக்கிள் விளக்குகளுக்கான ஐ.நா.வின் 53ஆம் எண் விதிமுறை, லோ பீமின் சரிவு 0.5 முதல் 2.5 சதவீதத்துக்குள் இருக்க வேண்டும் என்கிறது. உங்கள் வண்டியின் கையேட்டில் வேறு அளவு இருந்தால் அதையே பின்பற்றுங்கள்.

பயந்துபோய் ஒரேயடியாகக் கீழேயும் இறக்கிவிடக் கூடாது. 92 செ.மீ. உயரத்திலிருந்து 1 சதவீதச் சரிவில் வெளிச்சம் 92 மீட்டர் வரை எட்டும். 2.5 சதவீதமென்றால் சுமார் 37 மீட்டரில் முடிந்துவிடும். மணிக்கு 80 கி.மீ. வேகத்தில் வண்டி ஒரு நொடிக்கு 22 மீட்டர் ஓடுகிறது. மூளை சுதாரித்து, கை பிரேக்கைப் பிடித்து, வண்டி நிற்பதற்கு 37 மீட்டர் போதாது.

நான் மட்டும் உட்கார்ந்தபோதே மேல் விளிம்பு 92 கோட்டைத் தாண்டி மேலே நின்றது. ஸ்க்ரூவைக் கொஞ்சம் கொஞ்சமாகத் திருப்பி 82க்கு இறக்கினேன். எந்தப் பக்கம் திருப்பினால் இறங்கும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பக்கவாட்டில் நகர்த்துவதற்கு வேறொரு ஸ்க்ரூ உண்டு, அதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். எத்தனை சுற்று திருப்பினோம் என்று எண்ணிக்கொண்டே செய்யுங்கள். இறுகினால் பலத்தைக் காட்டாதீர்கள், உள்ளே பிளாஸ்டிக் குழியில் உட்கார்ந்திருக்கும் உருண்டை முனை கழன்றுவிடலாம்.

அடுத்து பெட்டிகளை நிரப்பி மாட்டி, மனைவியையும் உட்காரச் சொன்னேன். வெளிச்சம் மறுபடி மேலே ஏறிவிட்டது. இந்தத் தடவை ஸ்க்ரூவைத் தொடவில்லை. பின் ஷாக்கின் பிரீலோடை, அதாவது அதன் ஸ்பிரிங் எவ்வளவு இறுக்கி வைக்கப்பட்டிருக்கிறது என்பதைப் பார்த்தேன். இவ்வளவு பாரத்துக்கும் அது மிகத் தளர்வான நிலையிலேயே இருந்தது. அதை இறுக்க இறுக்கப் பின்பக்கம் உயர்ந்து, வெளிச்சம் 82 கோட்டுக்குத் திரும்பி வந்தது. முதல் பயணத்தில் எல்லோரும் என்னைப் பார்த்து ஹை பீம் அடித்ததற்குக் காரணம் இதுதான். புது பல்பே தேவைப்பட்டிருக்காது. இப்போது தனியாகப் போகும்போது பிரீலோடைப் பழைய நிலைக்குத் தளர்த்திவிடுகிறேன், இல்லையென்றால் வெளிச்சம் காலடியில் விழும்.

ஆகவே இந்த வேலைக்குப் பட்டறைக்குப் போனால் கூடவே நில்லுங்கள். வண்டி சென்டர் ஸ்டாண்டிலோ சைடு ஸ்டாண்டிலோ இருந்தால் நிறுத்தச் சொல்லுங்கள். நீங்கள் ஏறி உட்கார்ந்த பிறகுதான் ஸ்க்ரூவில் கை வைக்க வேண்டும். சுவர் எத்தனை மீட்டர் என்று கேளுங்கள், இரண்டு மீட்டரில் ஒரு செ.மீ. தவறு பத்து மீட்டரில் ஐந்து செ.மீ. ஆகிவிடும். கொண்டுபோவதற்கு முன் ஸ்க்ரூவின் தலையில் பேனாவால் ஒரு கோடு போட்டு, போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பழைய பல்பைக் கையில் வாங்கிக்கொள்ளுங்கள். நான் கேட்டபோது "குப்பைல போட்டாச்சு" என்றார்கள்.

இரண்டு தடவையும் அலைன்மென்ட்டுக்கு வாங்கிய பணத்தையாவது திருப்பித் தரும்படி, பில்லையும் சிலந்தி வலைப் படத்தையும் சேர்த்து உரிமையாளருக்கு எழுத்தில் கொடுத்திருக்கிறேன். வாங்கி மேசை டிராயரில் வைத்துவிட்டு, "வண்டி இப்ப நல்லாத்தானே ஓடுது சார்" என்றார். இன்னும் பதில் இல்லை.