கடலா, மலையா, தீவா, வீடா: தொற்றுக் காலத்தில் யார் செலவில் ஓய்வு?

தென்னாப்பிரிக்காவின் முதல் கோவிட் தொற்று 2020 மார்ச் 5 அன்று உறுதியானது. அதுவும் எங்கள் குவாசுலு-நட்டால் மாகாணத்தில். ஹில்டன் ஊர்க்காரர் ஒருவர், இத்தாலிக்குப் பனிச்சறுக்கு விடுமுறை போய்வந்த பத்துப் பேரில் அவரும் ஒருவர். அவர்மீது எனக்குக் கோபமில்லை. ஆபத்தின் அளவு அப்போது யாருக்கும் தெரியாது. ஆனால் அடுத்த சில நாட்களிலேயே டர்பனின் செயின்ட் அகஸ்டின்ஸ் மருத்துவமனைக்குள் நுழைந்த கிருமி என்ன செய்தது என்பதை இங்குள்ள ஆய்வாளர்கள் பின்னால் நூல் பிடித்ததுபோலக் கண்டறிந்தார்கள். ஒரே ஒரு நுழைவு. அதிலிருந்து 39 நோயாளிகளுக்கும் 80 ஊழியர்களுக்கும் தொற்று, 15 நோயாளிகள் மரணம். வேறு நோய்க்குச் சிகிச்சை பெறப் படுத்திருந்தவர்கள் அவர்கள். எந்த ஊருக்கும் உல்லாசப் பயணம் போகாதவர்கள்.

"எனக்கு வந்தால் வரட்டும், நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று சொல்லிவிட்டுக் கிளம்புவதை என்னால் ஏற்க முடியாமல் போனது இதனால்தான். அந்த வாக்கியத்தில் மற்றவர் யாருமே இல்லை.

2020 டிசம்பரை எடுத்துக்கொள்வோம். டர்பனில் எங்களைப் போன்ற இந்திய வம்சாவளியினர் வாழும் சாட்ஸ்வொர்த், ஃபீனிக்ஸ் வீடுகளிலும் ஜோகன்னஸ்பர்க் பக்கம் லெனேசியா வீடுகளிலும் நான்கு வழிகள் பேச்சில் அடிபட்டன: டர்பன் கடற்கரை, டிரேக்கன்ஸ்பெர்க் மலை, மொரீஷியஸ் தீவு, வீட்டிலேயே இருப்பது. எது இன்பம் என்பதை விட்டுவிடுகிறேன். எனக்கு நோய் வந்தால் யாருடைய படுக்கையை நான் எடுத்துக்கொள்வேன், என்னைச் சுற்றி வேலை செய்பவருக்கு "வேண்டாம்" என்று சொல்லும் வசதி உண்டா, என் பணம் யார் கைக்குப் போகும்? இவற்றை வைத்தே நான்கையும் பார்க்கிறேன்.

முதலில் கடல். ஜோகன்னஸ்பர்கிலிருந்து என்3 நெடுஞ்சாலையில் 570 கிலோமீட்டர். ஒவ்வொரு டிசம்பரும் பாதி சொந்தபந்தம் அந்த வழியாகத்தான் இறங்கி வரும். டிசம்பர் 14 அன்று அதிபர் ரமபோசா பேசினார். குவாசுலு-நட்டால் கடற்கரைகளைக் கூட்டம் அதிகம் வரும் நாட்களில், அதாவது 16, 25, 26, 31 தேதிகளிலும் ஜனவரி முதல் மூன்று நாட்களிலும் மூடச் சொன்னார். இங்கே பலருக்கு அது சுட்டது. நிறவெறிக் காலத்தில் டர்பன் கடற்கரை இனவாரியாகப் பிரிக்கப்பட்டிருந்தது. எங்கள் பெற்றோருக்கு ஒதுக்கப்பட்டது ஒரு துண்டு மட்டுமே. எல்லாக் கரையும் எல்லோருக்கும் திறந்தது 1989-இல்தான். அப்படிக் கிடைத்த மணலை மறுபடி மூடினால் வரும் கோபம் நியாயமான கோபம்.

அந்தக் கோபத்துக்குப் பின்னால் ஒரு சரியான வாதமும் இருக்கிறது. காற்று வீசும் திறந்தவெளியில் கிருமி பரவுவது குறைவு. ஆபத்து மணலில் இல்லை, அதன்பின் திரும்பும் வீட்டில் இருக்கிறது. மூன்று குடும்பம் ஒரே கூரையின்கீழ், பிரியாணிப் பானையைச் சுற்றிப் பன்னிரண்டு பேர், நடுவில் சர்க்கரை நோயுள்ள ஆயா, அதாவது பாட்டி. அதிபரே அன்றைய உரையில் ஒரு கணக்குச் சொன்னார். பள்ளியிறுதி முடித்த பிள்ளைகளின் ரேஜ் விழாவுக்கு, ஜோகன்னஸ்பர்க் இருக்கும் கௌடெங் மாகாணத்திலிருந்து 1,300-க்கும் மேற்பட்டோர் எங்கள் மாகாணத்துக்கு வந்தார்கள். அவர்களில் 984 பேருக்குத் தொற்று. அவர்களோடு பழகியவர்களில் தேடிக் கண்டுபிடித்த 340 பேரில் 32 பேருக்கும் தொற்று. பதினெட்டு வயதுப் பிள்ளைகள் பெரும்பாலும் பிழைத்துக்கொள்வார்கள். அவர்கள் திரும்பிப் போன வீட்டுத் தாத்தாவுக்கு அந்த உறுதி கிடையாது.

கூடத்துக்குள் வந்து சட்டம் காவல் நிற்காது. அதனால் அந்த இடத்தில் பொறுப்பு முழுக்க நம்முடையது. "ஆயாவைப் பார்க்க வரக்கூடாதா அண்ணா?" என்று கேட்கும் தங்கையிடம் நான் சொல்வது இதுதான்: தனியாக இருக்கும் ஆயாவைப் பார்க்க ஒருவர் வருவது உல்லாசம் ஆகாது, வா. ஆயா வீட்டைத் தங்கும் விடுதியாக்கி, பகலெல்லாம் கடைத்தெருவும் கடற்கரையுமாகச் சுற்றிவிட்டு இரவு அவள் பக்கத்தில் உட்காருவது வேறு. நான்கு வழிகளில் அந்த ஆண்டுக்கு மிக மோசமானது இதுவே என்று நினைக்கிறேன். செலவும் மிகக் குறைவு. பலரும் தேர்ந்தெடுத்ததற்கு அதுவும் காரணம்.

மலை பார்வைக்குச் சுத்தம். ஒரே வீட்டார் ஒரே காரில், சமையல் சாமானோடு போய், மலைப்பக்கத்து விண்டர்டன் ஊரைத் தாண்டி ஒரு குடிலில் தங்கி, நடந்துவிட்டு வருவது. ஆனால் அங்கே பக்கத்தில் இருப்பது எம்மாவுஸ் போன்ற சிறிய அரசு மருத்துவமனை. சுற்றியுள்ள ஜூலு கிராமங்களுக்கு அதுதான் கதி. மருத்துவக் காப்பீடு உள்ள எங்களைப் பீட்டர்மாரிட்ஸ்பர்குக்கோ டர்பனுக்கோ ஏற்றிப்போவார்கள். குடிலைத் துடைக்க வரும் பெண் மாலையில் அதே கிராமத்துக்குத்தான் திரும்புவாள். அவளால் வேலையை மறுக்க முடியாது. ஆகவே மலைக்குப் போகிறவர் சில காரியங்களைச் செய்தாக வேண்டும்: படுக்கை விரிப்பைத் தாமே கொண்டுபோவது, தங்கும் நாட்களில் துடைக்க ஆள் வேண்டாமென்று முன்பே சொல்லிவிடுவது, கிளம்பும்போது எல்லா ஜன்னலையும் திறந்து வைப்பது, அவளுக்குச் சேர வேண்டியதைத் தொலைபேசி வழியாக முழுதாக அனுப்பிவிடுவது. இதில் ஒன்றைக்கூடச் செய்யாமல் "நாங்கள் யாரையும் சந்திக்கவே இல்லையே" என்பவர் அவளை ஆளாகவே எண்ணவில்லை.

தீவுக்கு வருகிறேன். என் கருத்து இங்கே பலரோடு ஒத்துப்போகாது. தொற்றுக் காலத்தில் விமானம் ஏறி வெளிநாடு போவதுதான் பெரிய ஆடம்பரம், காரில் மலைக்குப் போவது எளிமை என்று எண்ணுகிறோம். மொரீஷியஸ் 2020 மார்ச்சில் எல்லையை மூடியது. ஏப்ரல் கடைசிக்குப் பிறகு பல மாதங்கள் உள்ளூர்ப் பரவல் இல்லாமல் இருந்தது. அந்த ஆண்டு அக்டோபர் 1 முதல் வெளியார் வரலாம் என்றபோது விதித்த நிபந்தனை கடுமையானது: 14 நாள் ஓட்டல் அறைக்குள்ளேயே, சாப்பாடு கதவுக்கு வரும், பிசிஆர் பரிசோதனை வந்ததும், 7-ஆம் நாளிலும், 14-ஆம் நாளிலும். 2019-இல் சுமார் 13.8 லட்சம் பயணிகள் வந்த, அதைவிடச் சற்றுக் குறைந்த மக்கள்தொகையுள்ள நாடு அது. அவர்கள் பிழைப்பே சுற்றுலாவில் இருந்தும் அப்படிக் கேட்டார்கள். அங்கே பயணத்தின் சுமை பயணியின் தலையில் விழுந்தது. தீவு தன் நிபந்தனையைச் சொன்னது, போகிறவர் ஒத்துக்கொண்டு போனார். விண்டர்டன் கிராமத்தாரிடம் யாரும் அப்படி ஒரு வார்த்தை கேட்கவில்லை. ஒழுக்கக் கணக்கில் அந்தத் தீவுப் பயணம், கவனமில்லாத மலைப் பயணத்தைவிட நேர்மையானது. நேரமும் பணமும் உள்ளவருக்கு மட்டுமே அது கிட்டும் என்பது உண்மை. அது வேறு அநீதி, இந்த அநீதியைச் சரிக்கட்டாது.

2021 நவம்பரில் ஓமிக்ரானை எங்கள் விஞ்ஞானிகள் உலகுக்கு அறிவித்ததும் நாடுகள் எங்கள் விமானங்களைத் தடுத்தன. உண்மை சொன்னவரைத் தண்டிக்கும் அந்தத் தடையையும், வருபவர் யாராயினும் அறையில் இரு என்னும் தனிமைப்படுத்தலையும் ஒன்றாகப் பேசுவது தவறு.

வீட்டிலேயே இருப்பவருக்குக் குற்றமே இல்லையா? அதையும் கேட்கத்தான் வேண்டும். வேலை போன விடுதி ஊழியருக்கு அரசு தந்த துயர்தணிப்புத் தொகை மாதம் 350 ராண்ட். அதை வைத்து ஒரு குடும்பம் மளிகைகூட வாங்க முடியாது. முன்பதிவை ரத்து செய்து முழுப்பணத்தையும் திருப்பிக் கேட்டுவிட்டு, "நாங்கள் பொறுப்பாக இருந்தோம்" என்று சொல்லிக்கொள்வதில் எனக்குச் சம்மதமில்லை. முடிந்தவர்கள் பணத்தை அங்கேயே விட்டுவைத்துத் தேதியை மட்டும் தள்ளிப்போட்டிருக்கலாம். எங்கள் தெருவில் சிலர் அப்படித்தான் செய்தார்கள். அந்த டிசம்பருக்கு என் தேர்வு இதுவே: போகாமல் இருப்பது, ஆனால் பணத்தை அனுப்பிவிடுவது. அடுத்தது நிபந்தனைகளோடு மலை, பிறகு தீவு, கடைசியில் நிறைந்த ஆயா வீடு.

"வாழ்க்கை என்றால் ஓய்வும் வேண்டாமா?" என்பார்கள். வேண்டும். அடைந்துகிடந்து மனம் உடைந்தவர்களை நானும் பார்த்தேன். ஆனால் எதையெல்லாம் விட்டுக்கொடுத்தோம் என்றும் பார்க்க வேண்டும். இறுதிச் சடங்குக்கு ஐம்பது பேர் மட்டும் என்றார்கள், ஏற்றோம். 2021 ஜனவரி 28 தைப்பூசத்தின்போது வழிபாட்டுக் கூட்டங்களுக்குத் தடை. நேர்த்திக்கடன் காவடியைக்கூட வீட்டோடு வைத்துக்கொண்டோம். முருகனுக்கு நேர்ந்ததை ஒத்திப்போட்டவர்கள் விடுமுறையை ஒத்திப்போட முடியாது என்றால், எனக்குப் புரியவில்லை. டெல்டா அலையில், 2021 ஜூன் கடைசியில், அரசும் இதே கோட்டைத்தான் போட்டது: உல்லாசத்துக்காக கௌடெங்குக்குள் வரவோ அங்கிருந்து வெளியே போகவோ கூடாது, வேலைக்கும் சாவு வீட்டுக்கும் போகலாம்.

இந்த வரிசை எப்போதைக்கும் பொருந்தாது. 2021 மே 17 முதல் அறுபது தாண்டியவர்களுக்குத் தடுப்பூசி போடத் தொடங்கினார்கள். ஊசி போட்டுக்கொண்ட ஆயா இருக்கும் வீட்டுக்கு, ஜன்னலெல்லாம் திறந்திருக்க, ஒரு குடும்பம் மட்டும் இறங்கி வருவதை நான் கடைசியில் வைக்க மாட்டேன். குடிலைத் துடைக்கும் பெண்ணுக்கு ஊசி கிடைத்துவிட்டதா, உடம்புக்கு முடியாத நாளில் சம்பளத்தோடு விடுப்பு உண்டா என்பதை மட்டும் முன்பதிவுக்கு முன் விடுதிக்குத் தொலைபேசியில் கேட்பேன். பதில் சொல்லத் தயங்கும் விடுதியை விட்டுவிட்டு அடுத்ததைப் பார்ப்பேன்.