பாம்பன் உப்புத்தண்ணீரில் ஐந்து வருடம்: பழைய பாய்லரை எடுத்துவிட்டு சோலார் ஹீட்டர் வைத்த அனுபவம்

இந்த வெயில் ஊரில் வெந்நீருக்குப் போய் இவ்வளவு செலவு செய்வார்களா என்று சொந்தக்காரர்களே கேட்டார்கள். எங்கள் அண்ணன் விசைப்படகில் போகிறவர். ராமேஸ்வரம் பக்கம் திங்கள், புதன், சனி என்று கடலுக்குப் போய் மறுநாள் காலையில் கரை திரும்பும்போது உடம்பெல்லாம் உப்பும் ஐஸும்தான். மார்கழி வாடைக்காற்றில் அப்படி வந்து நிற்கிறவருக்கு இரண்டு வாளி வெந்நீர் இல்லையென்றால் அன்றைக்கு முழுக்க உடம்பு வலி. அம்மாவுக்கு முட்டுவலி. 2022-இல் அண்ணன் மகள் பிரசவத்துக்கு வந்து மூன்று மாதம் இருந்தாள். ஆக, எங்கள் வீட்டில் வெந்நீர் தினமும் வேண்டும்.

முன்பு இருந்தது அம்மா சீராகக் கொண்டுவந்த செம்பு பாய்லர். நடுவில் புகைக்குழாய், அடியில் கரி போடும் தட்டு, மேலே புனல். புனலில் ஒரு செம்பு பச்சைத்தண்ணீர் ஊற்றினால் மூக்கு வழியாக ஒரு செம்பு கொதிநீர் வரும். எரிக்க வேலிக்கருவை விறகுக்கு இந்த மாவட்டத்தில் பஞ்சமே கிடையாது, தேங்காய் மட்டை, பனங்கருக்கு எல்லாம் சேர்த்துத் தள்ளுவோம். காலை நாலரை மணிக்கு அம்மாவோ மதினியோ எழுந்து புகையில் உட்கார்ந்தால்தான் ஐந்தரைக்கு முதல் வாளி. மதினிக்கு அந்தப் புகையில் இருமல் வராத நாளில்லை. 2015-இல் நடுக்குழாயில் பொத்தல் விழுந்தது. பற்றவைத்துக் கொண்டுவந்தோம், பக்கத்திலேயே இன்னொன்று விழுந்தது. உள்ளே பார்த்தால் சுண்ணாம்பு விரல்கனத்துக்குப் படிந்திருந்தது.

அதற்கப்புறம் 25 லிட்டர் கீசர், ஒன்றன்பின் ஒன்றாக இரண்டு. இரண்டிலும் சேர்த்து மூன்று முறை எலிமென்ட் மாற்றினேன், கடைசியில் இரண்டு டேங்கும் ஒழுகின. கழற்றிய எலிமென்ட் ஒன்றை இன்னும் வைத்திருக்கிறேன்: விரல்தடிமன் கம்பி, அதன்மேல் பவளப்பாறை மாதிரி வெள்ளையும் பழுப்புமாக ஒரு ஓடு, தட்டினால் தகடு தகடாக உதிரும். அந்த ஓடு சூட்டைத் தண்ணீருக்கு விடாது, கம்பி உள்ளேயே வெந்து போகும்.

காரணம் எங்கள் தண்ணீர். பாம்பனில் மணலில் கையால் தோண்டும் ஊற்றில் நல்ல தண்ணீர் கிடைக்கும், ஆனால் அது குடிக்கவும் சமைக்கவும்தான். காவிரித் தண்ணீரும் தினமும் வராது. குளிக்க, துவைக்க எல்லாம் போர்த் தண்ணீர். மண்டபத்தில் ஒரு கடையில் டிடிஎஸ், அதாவது ஒரு லிட்டர் தண்ணீரில் எத்தனை மில்லிகிராம் உப்புகள் கரைந்திருக்கின்றன என்ற அளவு, பார்த்தபோது 2,300 காட்டியது. குடிநீருக்கு இந்தியத் தர நிர்ணயம் சொல்வது 500, வேறு வழியே இல்லையென்றால் 2,000 வரை. இந்தத் தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு சூடு ஏற ஏறப் பிரிந்து, எது அதிகச் சூடாக இருக்கிறதோ அதன்மேல் போய் ஒட்டும். மிச்சமிருக்கும் உப்பு இரும்பைத் தின்னும். நான் படகு என்ஜின் வேலை பார்க்கிறவன், இது எனக்குப் புதிதில்லை. ஆனாலும் வீட்டு வெந்நீரை அந்தக் கண்ணோடு பார்க்க எனக்கு இத்தனை வருடம் ஆனது.

அப்படிப் பார்க்க வைத்தது கனடாவில் இருக்கும் சித்தப்பா மகன். 2020 கோடையில் அங்கே அவன் வீட்டின் பழைய பாய்லரை மாற்றினான். அங்கே பாய்லர் என்பது குளிக்க மட்டுமில்லை, சூடான தண்ணீரைக் குழாயில் வீடு முழுக்கச் சுற்றவிட்டு அறைகளையே சூடாக்கும் ஏற்பாடு, ஹைட்ரானிக் என்கிறார்கள். புதியது புகையில் போகும் நீராவியையும் குளிரவைத்து அதிலிருக்கும் சூட்டைப் பிடித்துக்கொள்ளும் வகையாம், அதற்குத் திரும்பி வரும் தண்ணீர் சுமார் 55 டிகிரிக்குக் கீழே இருக்கவேண்டுமாம். எனக்கு அதெல்லாம் வேண்டியதில்லை. அவன் வீடியோவில் காட்டிக்கொண்டே போகிறபோக்கில் சொன்ன ஒன்றுதான் பிடித்துக்கொண்டது: "உள்ளே சுத்துற தண்ணியை மாத்தவே கூடாதுண்ணே. கருப்பா, நாத்தமா இருந்தாலும் அதான் நல்லது. புதுத்தண்ணி விட்டா புதுச் சுண்ணாம்பும் புதுக் காத்தும் உள்ள போயிடும்."

இதைத்தானே நான் தினமும் என்ஜினில் பார்க்கிறேன். என்ஜின் பிளாக்குக்குள் நல்ல தண்ணீர் தனியாகச் சுற்றும். கடல்தண்ணீர் கூலரில் வேறு குழாயில் ஓடி, சூட்டை மட்டும் வாங்கிக்கொண்டு வெளியே போய்விடும், இரண்டும் கலக்காது. வெந்நீருக்கும் அப்படி வைத்தால் என்ன?

விசாரித்தபோது அப்படியே இருக்கிறது. சோலார் ஹீட்டரில் கண்ணாடிக்குழல் வகை, தட்டையான பலகை வகை என்று இரண்டு. குழல் வகை விலை குறைவு, கடைக்காரர் அதைத்தான் தள்ளப் பார்த்தார். பக்கத்துத் தெருவில் ஒருவர் வீட்டில் அது ஒன்றேகால் வருடம் ஓடியிருந்தது. ஒரு குழல் உடைந்தபோது போய்ப் பார்த்தேன், அடிப்பக்கம் ஒரு சாண் நீளத்துக்குச் சுண்ணாம்பு கட்டியாக இறுகிக் கிடந்தது. போர்த் தண்ணீர் நேராகக் குழலுக்குள் இறங்கிச் சூடாகிறது, வேறு என்ன நடக்கும்? நான் கேட்டு வாங்கியது பலகை வகை, ஹீட் எக்ஸ்சேஞ்சரோடு. பலகையில் சூடாகும் தண்ணீர் டேங்கைச் சுற்றியிருக்கும் உறைக்குள் போய்ச் சூட்டைக் கொடுத்துவிட்டுத் திரும்பிவிடும், நாம் குளிக்கும் தண்ணீர் அதைத் தொடாது. பம்பு கிடையாது. சூடான தண்ணீர் தானே மேலேறும், ஆறியது கீழிறங்கும், அதனால் டேங்க் பலகைக்கு மேலே இருந்தாகவேண்டும். 200 லிட்டர், உள்ளே பீங்கான் பூச்சு போட்ட டேங்க், மழை நாளுக்கு 2 கிலோவாட் எலிமென்ட். ஸ்டாண்டு, குழாய், கூலி எல்லாம் சேர்த்து 52,000 ரூபாய் ஆனது. வெளிக்காற்றிலிருந்து சூட்டை எடுத்துத் தண்ணீருக்குக் கொடுக்கும் ஹீட் பம்பு வைக்கச் சொன்னவர்களும் உண்டு. மின்சாரம் குறைவாக இழுக்கும் என்பது உண்மை, ஆனால் வெளிக்காற்றில் நிற்கும் அதன் மெல்லிய தகடுகள் இந்தக் கடற்காற்றில் என்ன ஆகும் என்பதற்கு இங்கே ஏசி வெளிப்பெட்டிகளைப் பார்த்தாலே போதும். கையால் தொட்டால் மாவாக உதிர்கின்றன.

2020 டிசம்பரில் புரெவி புயல் வந்து போனதும், 2021 தை மாதம் மாட்டினோம். தெற்குப் பார்த்து, இருபது டிகிரிக்குக் கொஞ்சம் மேலே சாய்வு. நம் ஊர் கிட்டத்தட்ட ஒன்பதேகால் டிகிரி அட்சத்தில் இருக்கிறது, ஆனால் வெந்நீர் அதிகம் தேவைப்படுவது மார்கழி, தையில், அப்போது சூரியன் தெற்கே தாழ்ந்திருக்கும் என்பதால் சாய்வைக் கூட்டி வைப்பார்கள்.

முதல் தப்பு அங்கேயே நடந்துவிட்டது. மாட்ட வந்த ஆட்கள் பலகைக்கும் உறைக்கும் நடுவே ஓடும் உள்சுற்றுக்கும் போர்த் தண்ணீரையே நிரப்பி, குறைந்தால் தானாக நிரம்பட்டும் என்று மேல்தொட்டியிலிருந்து ஒரு குழாயும் கொடுத்துவிட்டுப் போய்விட்டார்கள். எனக்கு அன்று படகு வேலை, கூட நிற்கவில்லை. மூன்று மாதத்தில் சூடு குறைந்தது. ஏறிப் பார்த்தால் பலகையின் மேல் மூலையில் குழாயை இணைக்கும் யூனியனில் பச்சை பூத்து, சொட்டுச் சொட்டாக ஒழுகுகிறது. ஒழுகின அளவுக்குப் புதுத் தண்ணீர் தானாக உள்ளே போயிருக்கிறது. ஒருமுறை நிரப்பிய தண்ணீரில் இருக்கும் சுண்ணாம்பு ஒருமுறைதான் படியும், அதோடு தீர்ந்தது. ஒழுகிக்கொண்டே நிரம்பினால் கணக்கில்லாமல் படியும். விற்றவருக்கு நாலு முறை போன் போட்டேன், "பார்க்கலாம் சார்" என்பதற்கு மேல் பதில் இல்லை. நானே இறக்கினேன். சிட்ரிக் ஆசிட் கரைசலை ஊற்றிச் சுற்றவிட்டு, நாலைந்து முறை அலசி, யூனியனை மாற்றி, அந்தத் தானியங்கிக் குழாயை வெட்டி எறிந்துவிட்டு, பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரை நிரப்பினேன். சின்ன டப்பாவில் மட்டம் தெரியும்படி வைத்திருக்கிறேன். நாலரை வருடத்தில் அதில் நான் ஊற்றியது மொத்தம் மூன்று லிட்டருக்குள்தான். இந்த அமைப்பு இன்றுவரை ஓடுவதற்கு வேறு எதையும் விட இதுதான் காரணம். வாங்குகிறவர்கள் மாட்டும் அன்றைக்கு லீவு போட்டாவது பக்கத்தில் நில்லுங்கள்.

அடுத்தது ஆனோடு. டேங்குக்குள் மெக்னீசியக் கம்பி ஒன்று தொங்கும், உப்பு டேங்கைத் தின்பதற்குப் பதிலாக அதைத் தின்னும். படகின் அடியில் துத்தநாகக் கட்டி வைப்பதும் இதற்காகத்தான். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை பார்த்தால் போதும் என்று அட்டையில் போட்டிருந்தது. நான் பதினாலாவது மாதமே கழற்றினேன். பெருவிரல் தடிமனில் போன கம்பி, சதையெல்லாம் தின்றுவிட்ட மீன்முள் மாதிரி, நடுவில் இருக்கும் இரும்புக் கம்பி அங்கங்கே வெளியே தெரிய வந்தது. இன்னும் ஆறு மாதம் விட்டிருந்தால் டேங்க் போயிருக்கும். அன்றிலிருந்து வருடம் ஒன்று, தவறாமல். டேங்கின் அடிவால்வையும் மூன்று மாதத்துக்கு ஒருமுறை திறந்துவிடுவேன். முதல் அரை வாளி சுண்ணாம்பு கரைத்த மாதிரி வெள்ளையாக வரும், அப்புறம் தெளியும். குளிக்கும் தண்ணீர் பக்கம் சுண்ணாம்பு அறவே படியாது என்று சொல்லமாட்டேன், படிகிறது, ஆனால் எலிமென்ட் மேல் ஓடாக இறுகாமல் அடியில் சேறாக நிற்கிறது, திறந்தால் போய்விடுகிறது.

ஸ்டாண்டில் ஏமாந்தேன். சாதா ஆங்கிள், ரெட் ஆக்சைடு, மேலே சில்வர் பெயின்ட். இரண்டாவது மழைக்கே பற்றவைத்த இடமெல்லாம் பொருக்கு விட்டது. 1914-இல் திறந்த நம் ரயில் பாலத்திலேயே 2022 டிசம்பரில் ரயிலை நிறுத்தும்படி ஆனது, 2025 ஏப்ரலில் திறந்த புதுப் பாலத்தின் கான்கிரீட்டுக்குள் துருப்பிடிக்காத எஃகுக் கம்பியே போட்டிருக்கிறார்கள் என்றால் இந்தக் காற்றைப் பற்றி யோசித்துக்கொள்ளுங்கள். 2023-இல் உருக்கிய துத்தநாகத்தில் முக்கி எடுத்த ஸ்டாண்டு வாங்கி மாற்றினேன், 6,500 ரூபாய். முதலிலேயே செய்திருக்கவேண்டும்.

கண்ணாடியை வாரம் ஒருமுறை துடைக்கவேண்டும். உப்பு மெல்லிய பால் ஏடு மாதிரி படிந்திருக்கும், விரலால் கோடு போட்டால் தெரியும். மேற்கிலிருந்து வீசும் கச்சான் காற்று நாளில் மணலும் சேர்ந்துகொள்ளும். ஊற்றுத் தண்ணீரும் துணியும் போதும், காலையில் கண்ணாடி சூடேறுமுன் செய்யவேண்டும்.

மழைக்காலம் எப்படி என்று எல்லோரும் கேட்கிறார்கள். ஐப்பசி, கார்த்திகையில் மூன்று நாள் தொடர்ந்து மூட்டம் என்றால் இரண்டாம் நாள் வெதுவெதுப்பு, மூன்றாம் நாள் பச்சைத்தண்ணீர்தான், சுவிட்சைப் போடவேண்டும். 2024 நவம்பர் 20 அன்று ராமேஸ்வரத்தில் ஒரே நாளில் 40 சென்டிமீட்டருக்கு மேல் கொட்டியதே, அந்த வாரம் கரண்டும் இல்லை, அம்மாவுக்கு கேஸ் அடுப்பில்தான் வெந்நீர். வருடத்துக்கு முப்பது நாள் போல எலிமென்ட் போடுகிறோம். 200 லிட்டரை முழுக்கச் சூடாக்காமல் சாயங்காலம் ஒரு மணி நேரம் போட்டு நிறுத்தினால் காலைக்கு இரண்டு மூன்று பேருக்குக் காணும்.

கோடையில் நேர் எதிர்த் தொல்லை. ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம், அண்ணன் வீட்டில்தான், வெந்நீர் யாருக்கும் வேண்டாம். டேங்க் எண்பது டிகிரியைத் தொட்டு, மேல்வால்வு ஆவி கக்க ஆரம்பித்தது. தார்ப்பாய் போட்டுப் பார்த்தேன், காற்று தூக்கிக்கொண்டு போனது. இப்போது பழைய வலையை நாலு மடிப்பாகப் பலகைமேல் விரித்து ஓரங்களைக் கட்டிவிடுகிறேன், காற்று ஊடே போய்விடுகிறது, வெயில் பாதிதான் இறங்குகிறது. அம்மாவுக்கு மட்டும் போதுமான சூடு மிஞ்சுகிறது. இன்னொன்று, சின்னப் பிள்ளைகள் இருக்கும் வீட்டில், வெந்நீரோடு பச்சைத்தண்ணீரைக் கலந்துவிடும் மிக்சிங் வால்வு கட்டாயம் வையுங்கள். பங்குனியில் என் இளையவன் குழாயைத் திறந்து கையை நீட்டினான், புறங்கை சிவந்து இரண்டு கொப்புளம். மறுநாளே ராமநாதபுரம் போய் வாங்கி வந்து, குழாயில் 45 டிகிரிக்கு மேல் வராதபடி வைத்துவிட்டேன். அது முதல் நாளே இருந்திருக்கவேண்டிய பொருள்.

கரண்ட் பில் கணக்கு. 100 லிட்டரை 28-லிருந்து 55 டிகிரிக்கு ஏற்ற மூன்று யூனிட்டுக்குக் கொஞ்சம் மேல் ஆகும். எங்கள் தினச்செலவு அவ்வளவுதான், இரண்டு மாதத்துக்கு 180, 190 யூனிட். கீசர் காலத்தில் பில் 560, 580 யூனிட் என்று ஐநூறைத் தாண்டியே நிற்கும், தாண்டினால் கட்டணப் படியே மாறிவிடும் என்பது பில் கட்டுகிற எல்லோருக்கும் தெரியும். இப்போது 380-இலிருந்து 400-க்குள். போட்ட பணம் முழுதாகத் திரும்பிவிட்டது என்று சொல்லமாட்டேன், ஸ்டாண்டு, ஆனோடு, வால்வு எல்லாம் சேர்த்தால் இன்னும் சில வருடம் ஆகும். ஆனால் கீசருக்கு இரண்டு வருடத்துக்கு ஒருமுறை அழுத காசு நின்றுவிட்டது.

பிடிக்காத ஒன்று, மொட்டைமாடியிலிருந்து குளியலறை வரை குழாயில் ஆறிக் கிடக்கும் தண்ணீர். நாலு லிட்டர் போல முதலில் பச்சையாக வரும். இந்த ஊரில் அதைச் சாக்கடையில் விட மனசு வராது, வாளியில் பிடித்துத் துவைக்க வைத்துக்கொள்கிறோம். குழாய்மேல் சுற்றிய கறுப்பு நுரையை அணில் கடித்து, வெயில் பொடித்து, இரண்டு முறை மாற்றியாயிற்று. இப்போது அதன்மேல் பிவிசி குழாயை இரண்டாகப் பிளந்து உறை போட்டிருக்கிறேன், ஒன்றரை வருடமாக நிற்கிறது.

மதினிக்கு இருமல் முழுக்க நின்றுவிடவில்லை, ஆனால் காலையில் வருவது நின்றிருக்கிறது. நாலரைக்கு எழுந்த வீட்டில் இப்போது ஐந்தரைக்குத்தான் விளக்கு எரிகிறது. அண்ணன் கரைக்கு வந்து போன் போட்டால் யாரும் எதையும் பற்றவைக்க வேண்டியதில்லை, வந்து குழாயைத் திறந்தால் சரி.

செம்பு பாய்லரை எடைக்குப் போட அம்மா விடவில்லை. புளி போட்டுத் துலக்கித் திண்ணையில் வைத்திருக்கிறார். ஐந்தாவது ஆனோடு மதுரையிலிருந்து வாங்கி வைத்தாயிற்று, வாடை இறங்குமுன் இந்த ஞாயிற்றுக்கிழமை மாடி ஏறி டேங்கின் தண்ணீரை இறக்கிவிட்டு அதை மாட்டவேண்டும், தங்கச்சிமடத்திலிருந்து ஒரு நண்பர் தன் வீட்டுக்கும் இதே வகை வைக்கலாமா என்று பார்க்க வருகிறார்.