மிளகாய் வத்தலின் காரத்தைப் பிரிக்க எது தோது: ஹெக்சேனா, ஆல்கஹாலா, அழுத்த வாயுவா?

35,000 ஸ்கோவில் (காரத்தை அளக்கும் அலகு) உள்ள மிளகாய் வத்தலை எடுத்துக்கொள்வோம். ஒரு பிபிஎம் (பத்து லட்சத்தில் ஒரு பங்கு) காரப்பொருளுக்கு 16 ஸ்கோவில் என்பது கணக்கு; ஆகவே 16ஆல் வகுத்தால் ஏறக்குறைய 2,200 பிபிஎம். அதாவது 100 கிராம் வத்தலில் இருக்கும் காரப்பொருள் வெறும் 220 மில்லிகிராம். அதை வெளியே இழுப்பது பெரிய வேலையில்லை. கூடவே ஒட்டிக்கொண்டு வரும் எண்ணெயையும் சிவப்பையும் கழற்றிவிடுவதில்தான் முறைக்கு முறை வித்தியாசம்.

ஹெக்சேன் என்ற பெட்ரோலியக் கரைப்பான் மலிவு, 69 டிகிரியில் கொதிப்பதால் காய்ச்சி மீட்பதும் எளிது. ஆனால் அதற்குப் பிடித்தது எண்ணெயும் நிறமும், காரம் பின்தங்கும். விதையோடு அரைத்த பொடி என்றால் விதை எண்ணெய்தான் குடம் குடமாக வரும். காரம் ஊறுவது விதையில் அல்ல, விதை ஒட்டியிருக்கும் வெள்ளை நரம்பில். ஆகவே விதையை உதறிவிட்டே அரைக்க வேண்டும்.

தூய்மைதான் குறி என்றால் 95% எத்தனாலில் (ஆல்கஹால்) தொடங்குவதே நல்லது. நன்றாகக் காய்ந்த பொடி 100 கிராமுக்கு 500 மில்லி, 50 டிகிரியில் 2 மணி நேரம், இரண்டு தடவை. பொடியில் ஈரம் இருந்தால் சர்க்கரையும் கரைந்து வந்து, வற்றவைத்ததும் பாகு மாதிரி இழுக்கும். வற்றிய கருஞ்சிவப்புப் பிசினை 80% மெத்தனாலில் கரைத்து, பிரிபுனலில் ஹெக்சேனால் மூன்று முறை கழுவினால் எண்ணெயும் நிறமும் மேலடுக்குக்குப் போகும், காரம் கீழேயே நிற்கும். முதல் வேலைக்கு ஆகாத ஹெக்சேன் இங்கே நல்ல வண்ணான். மெத்தனாலில் தண்ணீர் குறைந்தால் அடுக்கு சரியாகப் பிரியாது.

கார்பன் டை ஆக்சைடு 31 டிகிரி, 74 பார் அழுத்தம் தாண்டியதும் கரைப்பானாக வேலை செய்யும். வழக்கமாக 40 டிகிரி, 300 பார் அளவில் ஓட்டுவார்கள். அழுத்தம் குறைவாக இருக்கும்போது காரம் முந்தும், நிறம் பிந்தும். எச்சமும் தங்காது. மசாலா ஒலியோரெசினில் (மசாலாவிலிருந்து கரைத்தெடுத்த பிசினில்) ஹெக்சேன் 25 பிபிஎம்முக்கு மேல் கூடாது என்கிற அமெரிக்க விதி இந்தச் சரக்கைத் தொடாது. இயந்திரத்தின் விலைதான் தடை; சின்ன ஆய்வகத்துக்குக் கட்டுப்படியாகாது.

அடுத்தது சுத்திகரிப்பு. சிலிக்கா ஜெல் பத்தி (சிலிக்காத் தூள் நிரப்பிய குழாய்) நம்பகமானது: ஹெக்சேனோடு எத்தில் அசிட்டேட் 10% கலந்தால் நிறம் இறங்கும், 40 சதவீதத்துக்கு ஏற்றினால் காரம் வரும். செலவும் நேரமும் அதிகம். காஸ்டிக் சோடா வழி மலிவு. காரப்பொருள் ஃபீனால் (லேசான அமிலத்தன்மை உள்ள வகை) என்பதால் 1% குளிர்ந்த காஸ்டிக் சோடாக் கரைசலில் கரையும். சூடாக்கக் கூடாது, மூலக்கூறு உடையத் தொடங்கும். கொழுப்பு அமிலங்களும் சோப்பாகி உள்ளே வருவதால் நுரை கிளம்பும். இங்கேதான் பலர் அவசரப்பட்டு ஹைட்ரோகுளோரிக் அமிலத்தை ஊற்றுகிறார்கள். கொழுப்பும் காரமும் ஒன்றாகவே வீழ்படிகின்றன. அதற்குப் பதில் கார்பன் டை ஆக்சைடைக் குமிழியிட்டு பிஎச் 8க்குக் கொண்டுவந்தால் காரம் மட்டும் கலங்கி வெளியேறும், சோப்பு கரைசலிலேயே கிடக்கும். நம் தேர்வு இதுதான்.

இப்படிக் கிடைக்கும் காரப்பொருளின் உலர்ந்த தூள் லேசான காற்றுக்கே பறக்கும். பாதுகாப்புக் கண்ணாடியும் புகை உறிஞ்சும் கூண்டும் இல்லாமல் மூடியைத் திறந்தால் கமறல் அடங்க வெகுநேரமாகும். கையில் பட்டால் தண்ணீரை நம்பாமல் முதலில் எண்ணெய், பிறகு சோப்பு.

இவ்வளவு செய்தும் காரப்பொருளில் கலந்திருக்கும் கேப்சைசினும் டைஹைட்ரோகேப்சைசினும் (இரண்டும் கேப்சைசினாய்டு வகை) பிரிந்திருக்காது. ஓர் இரட்டைப் பிணைப்புதான் இரண்டுக்கும் வித்தியாசம். சிலிக்கா பூசிய தகட்டில் ஒரே பொட்டாக ஏறும். பிரிக்க சி18 பத்தி (எண்ணெய் போன்ற கரிமச் சங்கிலிகள் பூசிய சிலிக்கா நிரப்பியது) வேண்டும். அதில் கேப்சைசின் முதலில் வரும், 280 நானோமீட்டர் புற ஊதா ஒளியில் பார்க்கலாம். வெள்ளி நைட்ரேட் ஏற்றிய சிலிக்காவும் உதவும், வெளிச்சம் படாமல் மூடிவைத்தால். புட்டியில் ‘98% கேப்சைசினாய்டு’ என்றிருந்தால் உள்ளே இருப்பது கலவை.