தங்கம் பிறந்தது மோதலிலா, வெடிப்பிலா?

தி.நகரில் அக்காவுக்குத் தாலிச்செயின் எடுத்தபோது, தராசில் மினுங்கிய அந்த ஐந்து சவரனும் எங்கே பிறந்தது என்றே என் மனம் ஓடியது.

ரெட்டிகுலம் 2 என்ற பழைய, மிகச் சிறிய விண்மீன் மண்டலத்தில் ஆராய்ந்த 9 விண்மீன்களில் 7-இல் தங்கம் உருவாகும் அதே வழியில் பிறக்கும் யூரோப்பியம் போன்ற கனத் தனிமங்கள் நிறைந்திருப்பதை 2016-இல் கண்டார்கள். அதையொத்த மற்ற பெரும்பாலான மண்டலங்களில் அவை மிகக் குறைவு. ஆக, ஏதோ ஓர் அரிய நிகழ்வு அங்கே தூவிவிட்டுப் போயிருக்கிறது.

அது நியூட்ரான் விண்மீன்களின், அதாவது வெடித்த பெருவிண்மீன்கள் விட்டுச்செல்லும் மிக அடர்ந்த மையங்களின், மோதலா? 2017 ஆகஸ்ட் 17 அன்று அப்படி ஒரு ஜோடி மோதியதில் எழுந்த ஈர்ப்பலை (வெளியையே அதிரவைக்கும் அலை) வந்த 2 நொடிக்குள் காமாக் கதிரும் வந்தது. மோதலுக்கு நேரடிச் சாட்சி! ஆனால் ஜோடி நெருங்கப் பல கோடி ஆண்டுகள் பிடிக்கலாம்; அதற்குள் அந்தச் சிறு மண்டலத்தில் விண்மீன் பிறப்பே நின்றிருக்கலாம். வேகமாகச் சுழலும் பெருவிண்மீனின் வெடிப்புக்கு அந்தக் காத்திருப்பு இல்லை. ஆனால் அது கனத் தனிமங்களை உருவாக்கியதற்கு உறுதியான சாட்சியும் இல்லை.

நான் மோதல் பக்கம்தான். விண்மீன்கள் ரெட்டிகுலம் 2-இல் நெடுங்காலம் பிறந்துகொண்டிருந்தால், தாமதம் ஒரு தடையே இல்லை.