‘பெயார்ஸ்’ஸா, ‘இஸ் ஒஃப்’பா: நற்சான்றிதழில் ‘குட் கரக்டர்’

அதிபரோ, பங்குத்தந்தையோ, சமாதான நீதவானோ, யாழ்ப்பாணத்தில் யாரிடம் ஆங்கிலத்தில் நற்சான்றிதழ் வாங்கினாலும் கடைசிப் பந்தியில் பெரும்பாலும் ஒரே வசனம்தான்: ‘ஹி பெயார்ஸ் எ குட் மொறல் கரக்டர்’. பிழையில்லை, பழைய ஆங்கிலம். ‘பெயார்’ என்றால் சுமத்தல். அதனால் இந்த வசனம் ஊரில் அவர் எடுத்திருக்கும் பெயரைத்தான் முதலில் சொல்கிறது. உள்ளூர் வேலைக்கு இது போதும்.

வெளிநாட்டு விண்ணப்பத்துக்கு ‘ஹி இஸ் ஒஃப் குட் கரக்டர்’ என்பதே நல்லது. பிரித்தானியாவின் 1981ஆம் ஆண்டுக் குடியுரிமைச் சட்டமும் அவுஸ்திரேலியாவின் 2007ஆம் ஆண்டுச் சட்டமும் ‘ஒஃப் குட் கரக்டர்’ என்றே கேட்கின்றன. கேட்ட சொல்லிலேயே பதில் இருந்தால் வாசிக்கும் அதிகாரிக்குக் குழப்பமில்லை. அமெரிக்காவுக்கு மட்டும் ‘மொறல்’ சேர வேண்டும். அங்கே 1952ஆம் ஆண்டுச் சட்டத்தின் சொல் ‘குட் மொறல் கரக்டர்’. குடியுரிமைக்குப் பொதுவாக விண்ணப்பத்துக்கு முந்திய 5 வருட நடத்தையைப் பார்க்கிறார்கள். ஆகவே கடிதமும் அந்தக் காலத்தைத் தொட வேண்டும்.

அதிகம் சறுக்குவது சின்னச் சொற்களில்தான். ‘பெயார்ஸ்’ஸுக்குப் பின் ‘எ’ வேண்டும். ‘இஸ் ஒஃப்’புக்குப் பின் இன்றைய எழுத்தில் ‘எ’ வராது. ‘ஒஃப்’பை விட்டு ‘ஹி இஸ் எ குட் கரக்டர்’ என்று எழுதினால் நாடகத்தில் வரும் நல்ல பாத்திரம் என்ற பொருளுக்குப் போய்விடும். ‘குட்’டும் விழுந்து ‘ஹி இஸ் எ கரக்டர்’ ஆனால் ஆள் ஒரு விசித்திரப் பிறவி என்றே ஆங்கிலேயர் விளங்கிக்கொள்வார். கணவன் மனைவி இருவருக்கும் ஒரே கடிதம் என்றாலும் ‘தே ஆர் ஒஃப் குட் கரக்டர்’தான், ‘கரக்டர்’ஐப் பன்மை ஆக்கக்கூடாது.

‘ஹாஸ் எ குட் கரக்டர்’? இலக்கணம் சரி. ஆனால் ‘நல்ல குணம் உள்ளவர்’ என்பதைச் சொல்லுக்குச் சொல் பெயர்த்தது போல இருக்கும். விட்டுவிடலாம்.

பாடசாலைக் கடிதத்துக்கு ‘கரக்டர்’ஐ விட ‘கொண்டக்ட்’ பொருத்தம். அதிபர் நேரில் கண்டது மாணவனின் நடத்தையைத்தான்.

எந்த வசனத்தைத் தேர்ந்தாலும் எழுதுபவருக்கு ஆளை எவ்வளவு காலமாக, எந்த வகையில் தெரியும் என்பது அதற்கு முன்னால் வராவிட்டால் அது வெறும் சொல். அங்கேதான் தமிழ் இழுத்துவிடும். ‘ஐந்து வருடமாகத் தெரியும்’ என்று நினைத்து ‘ஐ நோ ஹிம் சின்ஸ் ஃபைவ் இயர்ஸ்’ என்று எழுதுகிறோம். சரியானது ‘ஐ ஹாவ் நோன் ஹிம் ஃபோர் ஃபைவ் இயர்ஸ்’. ‘சின்ஸ்’ வேண்டுமானால் பின்னால் ஆண்டு வரட்டும்: ‘சின்ஸ் 2019’.

கிராம அலுவலர் தரும் வதிவிட, நற்சான்றிதழ் வேறு வகை. அது அச்சிட்ட படிவம். பிரதேச செயலாளரின் மேலொப்பத்தோடு வரும். அதில் வசனம் தேடத் தேவையில்லை, பெயரின் ஆங்கில எழுத்துகள் கடவுச்சீட்டில் உள்ளபடியே இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள்.