முள்ளா, திரையா?

எண்ணூர் விரைவுச் சாலையில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே போகும்போது, ரோட்டிலிருந்து கண்ணை எடுக்க அரை நொடிதான் கிடைக்கும். காரின் வேகமானியில் முள் சாய்ந்திருக்கும் கோணமே அதற்குள் வேகத்தைச் சொல்லிவிடுகிறது. ஏறுகிறதா இறங்குகிறதா என்பதும் முள்ளின் ஓட்டத்தில் தெரியும். வெறும் எண் காட்டும் திரையில் 38, 41, 44 என்று மாறுவதைப் படித்துத்தான் புரிந்துகொள்ள வேண்டும்.

ஆனால் துல்லியமான வேகம் வேண்டுமென்றால் திரைதான். டயர் காற்று, வழிகாட்டும் மேப், எந்தக் கதவு சரியாக மூடவில்லை என்பதெல்லாம் ஸ்டீயரிங்குக்குப் பின்னாலேயே வந்துவிடும். ராத்திரியில் எனக்கு அது ரொம்பப் பிடிக்கும். காலையில் காசிமேடு பக்கம் கடலிலிருந்து வெயில் சாய்வாக அடிக்கும்போது மட்டும், சில கார்களில் திரை வெளுத்துப்போய் என் சட்டை நிறம்தான் அதில் தெரிகிறது.

அப்புறம், இன்றைய முள், கேபிள் சுழன்று நகர்த்திய பழைய முள் அல்ல. சென்சார் தரும் கணக்கை வைத்து ஒரு சின்ன ஸ்டெப்பர் மோட்டார்தான் (சிறு சிறு படிகளாகத் திரும்பும் மோட்டார்) அதைத் திருப்புகிறது. பழுதானால் ஆகும் செலவும் வேறுபடும். திரை போனால் பெரும்பாலும் முழு யூனிட்டையும் மாற்றச் சொல்வார்கள். முள்ளின் மோட்டாரை மட்டும் மாற்றித் தரும் மெக்கானிக்குகள் இருக்கிறார்கள்.

என்னைக் கேட்டால், இரண்டு பக்கமும் முள், நடுவில் சின்னத் திரை உள்ள காரைத்தான் எடுப்பேன்.