சாண்டா ஃபேயில் டர்க்காய்ஸ் நகை வாங்குகிறவர்கள் கவனத்துக்கு

அமெரிக்காவின் நியூ மெக்சிகோ மாநிலப் பக்கம் போகிறவர்கள் வெள்ளியில் கல் இழைத்த நகை வாங்காமல் திரும்புவது அபூர்வம். அங்கே சாண்டா ஃபே நகரின் நடுச் சதுக்கமான பிளாசாவை ஒட்டிய ஒரு கடையில் என் மனைவிக்கு 480 டாலரில் ஒரு காப்பு வாங்கினேன். அதில் வெண்சிப்பி, டர்க்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல், அபலோனி சிப்பி, ஜெட் என்ற கறுப்புக் கல் என நான்கும் இருந்தன. அமெரிக்கப் பூர்வகுடியினரான நவஹோ மக்களின் நான்கு புனித மலைகளுக்கு உரியவை இவை, கேலப் ஊர்ப் பக்கத்து நவஹோ தட்டார் ஒருவர் கையால் செய்தது என்றார் கடைக்காரர். டர்க்காய்ஸ், அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கத்தில் புதிதாக எடுத்ததாம்.

மலைகளைப் பற்றி அவர் சொன்னது அத்தனையும் உண்மை. கிழக்கே பிளாங்கா சிகரத்துக்கு வெண்சிப்பி, தெற்கே டெய்லர் மலைக்கு டர்க்காய்ஸ், மேற்கே சான் பிரான்சிஸ்கோ சிகரங்களுக்கு அபலோனி, வடக்கே ஹெஸ்பரஸ் மலைக்கு ஜெட். அந்த மக்கள் தலைமுறை தலைமுறையாகப் போற்றி வரும் நம்பிக்கை அது. அதைச் சொல்லித்தான் போலியை விற்றிருக்கிறார்.

கொஞ்ச நாளிலேயே டர்க்காய்ஸின் ஓரம் பெயர்ந்தது. உள்ளே சுண்ணாம்புக்கட்டி மாதிரி வெள்ளை. அசிட்டோன் தொட்ட பஞ்சால் தேய்த்ததும் பஞ்சில் நீலம் ஏறியது. கல் பார்க்கத் தெரிந்த ஒருவரிடம் கொடுத்தோம். டர்க்காய்ஸ் என்று சொன்னது சாயம் ஏற்றிய ஹௌலைட் என்ற வெள்ளைக் கல், ஜெட் வெறும் கறுப்பு பிளாஸ்டிக். சூடான ஊசியை வைத்ததும் பிளாஸ்டிக் கருகும் நாற்றம். அசல் ஜெட் என்றால் நிலக்கரி வாடை வரும். கல்லுக்கும் வெள்ளிக்கும் நடுவே இருந்த இடைவெளியைக் கறுப்புப் பசை போட்டு அடைத்திருந்தார்கள். கையால் இழைப்பவர் ஒவ்வொரு கல்லையும் அதனதன் வெள்ளி அறைக்கு ஏற்றபடி தேய்த்துப் பொருத்தி, கடைசியில் கல்லையும் வெள்ளியையும் ஒன்றாக மட்டம் தேய்ப்பார். விரலை ஓட்டினால் எங்கும் இடறாது. அப்புறம், ஸ்லீப்பிங் பியூட்டியில் டர்க்காய்ஸ் எடுப்பது 2012லேயே நின்றுபோனது.

கடைக்குப் பேசினால், "பில்லைப் பாருங்க" என்றார்கள். பில்லில் 'சவுத்வெஸ்ட் ஸ்டைல் காப்பு' என்று மட்டும் இருக்கிறது. கீழே, விற்ற பொருள் திரும்பப் பெறப்படாது. நவஹோ, கேலப், சுரங்கம் எதுவும் அதில் இல்லை.

பூர்வகுடியினர் செய்ததாகப் பொய் சொல்லி விற்பது அமெரிக்காவில் 1990ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பொருளின் மொத்த விலை 1,000 டாலரோ அதற்கு மேலோ என்றால் முதல் முறைக்கே 5 ஆண்டு வரை சிறை, 2,50,000 டாலர் வரை அபராதம்; அதற்குக் கீழே என்றால் ஓராண்டு வரை சிறை, 25,000 டாலர் வரை அபராதம். பிலிப்பைன்ஸில் செய்த நகைகளை இப்படி விற்ற ஒரு கடைக்காரருக்கு 2018இல் நியூ மெக்சிகோவில் 6 மாதச் சிறை விதித்தார்கள். நானும் இத்தகைய புகார்களைப் பெறும் அமெரிக்க அரசு அமைப்பான இந்தியன் ஆர்ட்ஸ் அண்டு கிராஃப்ட்ஸ் போர்டுக்குப் புகார் அனுப்பியிருக்கிறேன். என் பணம் போனதைவிட, உண்மையாக உட்கார்ந்து இழைக்கும் தட்டாரின் பிழைப்பில் இந்தப் போலிகள் மண் போடுவதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

வாங்கும்போது செய்தவர் பெயர், அவருடைய இனம், கல் இயற்கையானதா, பிசின் ஏற்றி உறுதிப்படுத்தியதா, தூளை அச்சில் வார்த்ததா என்று எல்லாவற்றையும் பில்லிலேயே எழுதிக் கேளுங்கள். உறுதிப்படுத்திய டர்க்காய்ஸ் மோசடி இல்லை, சந்தையில் பெரும்பாலும் அதுதான். மறைத்து விற்பதுதான் மோசடி. எழுதித் தரத் தயங்கினால் அந்தக் கடையில் வாங்க வேண்டாம். அதே பிளாசாவில் பாலஸ் ஆஃப் தி கவர்னர்ஸ் கட்டடத்தின் தாழ்வாரத்தில் பூர்வகுடிக் கைவினைஞர்களே உட்கார்ந்து விற்கிறார்கள். எந்தக் கல், எங்கே கிடைத்தது, எப்படி இழைத்தார்கள் என்று அவர்களிடமே நேரில் கேட்டு வாங்கலாம்.